நைட்ரஜனைப் பிடித்தது யார்?

2021 கோடையில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் ஒரு பெட்டி முதல்முறையாக நுழைந்தது. செய்தித்தாள்கள் அதை ஆக்சிஜன் செறிவூட்டி என்று எழுதின. வீட்டில் எல்லாரும் கான்சன்ட்ரேட்டர் என்றார்கள். சிலிண்டரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எங்கோ அடைத்த ஆக்சிஜன் அதில் இருக்கிறது, தீர்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பெட்டியிலோ எதையும் நிரப்புவதில்லை. பிளக்கைச் சொருகியதும் அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக்கொள்கிறது. மறுபக்கக் குழாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் வருகிறது. உள்ளே போன காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். 78 விழுக்காடு நைட்ரஜன். அந்த நைட்ரஜன் எங்கே போனது?

பெட்டியின் அருகில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு விடையில் பாதி தெரிந்திருக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் நைட்ரஜன் வெளியேறும் சத்தம். பெட்டிக்குள் இரண்டு உருளைகள், அவற்றில் கடுகளவு வெள்ளை மணிகள். அழுத்திய காற்றை முதல் உருளைக்குள் விட்டால் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஆக்சிஜன் முன்னால் போய்விடுகிறது. மணிகள் நிரம்பும் தறுவாயில் காற்று இரண்டாவது உருளைக்குத் திரும்புகிறது. முதல் உருளையின் அழுத்தத்தைத் திறந்துவிட்டதும் பிடித்துவைத்த நைட்ரஜன் புஸ்ஸென்று வெளியே போகிறது. மணிகள் மறுபடி தயார். மாற்றி மாற்றி இதே வேலை, ஆண்டுக்கணக்கில். காற்றில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஆர்கானை மட்டும் மணிகளால் பிரிக்க முடிவதில்லை. அது ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இந்தப் பெட்டிகள் 95 விழுக்காட்டைத் தாண்டாததற்குக் காரணம் அதுதான்.

விடையின் மறுபாதிதான் கடினமானது. ஒரு வெள்ளை மணிக்கு இது நைட்ரஜன், இது ஆக்சிஜன் என்று எப்படித் தெரிகிறது? பிடித்த கை எது? அதை நாம் எப்படிப் பார்த்தோம்?

சல்லடை என்ற பாதி உண்மை

மணிகள் ஜியோலைட் என்ற வகைப் பொருளால் ஆனவை. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய படிகம் இது. இயற்கையில் எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் கிடைக்கும். 1756இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் அப்படிப்பட்ட ஒரு கல்லை ஊதுகுழல் சுவாலையில் காட்டியபோது கல் நுரைத்துக்கொண்டு கொதித்தது. உள்ளே அவ்வளவு தண்ணீர். இன்று தொழிற்சாலைகள் பயன்படுத்துவது பெரும்பாலும் செயற்கையாகத் தயாரித்தவை.

சாதாரணப் படிகங்களில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஜியோலைட்டிலோ படிகம் முழுக்க ஒரே அளவான அறைகளும் அவற்றை இணைக்கும் வாசல்களும். ஒரு கிராம் ஜியோலைட்டின் உட்சுவர்களை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். இந்தச் சுவர்களில் வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டுவதைப் பரப்புக் கவர்தல் என்கிறோம். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; இங்கே மூலக்கூறு எதற்குள்ளும் கரைவதில்லை, சுவர்மேல் நிற்கிறது.

கடைகளில் இந்த மணிகளை 'மாலிக்குலர் சீவ்', அதாவது மூலக்கூறு சல்லடை என்று விற்கிறார்கள். சில வேலைகளுக்கு அது முழு உண்மை. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலிலிருந்து கடைசி ஈரத்தை எடுக்க 3ஏ என்ற வகை உதவுகிறது. அதன் வாசல் வழியே தண்ணீர் மூலக்கூறு நுழையும், எத்தனால் நுழையாது. சலித்தல் என்றால் அதுதான்.

நம் பெட்டியில் நடப்பது வேறு. நைட்ரஜன் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராம், ஆக்சிஜனுடையது சுமார் 3.5. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. காற்றைப் பிரிக்கும் எக்ஸ் வகை ஜியோலைட்டின் வாசல் அகலம் 7.4 ஆங்ஸ்ட்ராம். இரண்டு வாயுக்களுமே தாராளமாக உள்ளே போய் வரலாம். சலிக்கவே இல்லாத சல்லடை இது.

ஆகவே, சந்தேகம் அறைக்குள் இருக்கும் வேறொருவர்மேல் திரும்புகிறது. ஜியோலைட்டின் சட்டகத்தில் ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்கள். சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. சிலிக்கானைவிட அலுமினியத்துக்கு ஒரு நேர்மின்னூட்டம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட ஒவ்வொரு அலுமினியத்துக்கும் ஒரு நேர்மின் அயனி பக்கத்தில் இருந்தாக வேண்டும்: சோடியமோ, லித்தியமோ, பொட்டாசியமோ. இந்த அயனியின் நிலைமைதான் விசேஷமானது. சாப்பாட்டு உப்பில் ஒரு சோடியம் அயனியை ஆறு குளோரைடு அயனிகள் எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். ஜியோலைட்டில் அது சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் அறையின் வெறுமையைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கம் அதன் மின்புலத்தைத் தணிக்க யாருமில்லை.

நைட்ரஜனைப் பிடிப்பது இந்த அயனிதானா? ஊகம் சரியாகப் படுகிறது, சாட்சி வேண்டும்.

சாட்சி சொல்லாத மூலக்கூறு

மூலக்கூறுகளை விசாரிக்க வேதியியலாளர்களின் கையில் இருக்கும் நல்ல கருவி அகச்சிவப்புக் கதிர். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அங்கே விழுந்த கண்காணாக் கதிர்தான் இது.

மூலக்கூறுக்குள் அணுக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவற்றுக்கிடையே உள்ள பிணைப்பு நீண்டு சுருங்கி, ஓயாமல் அதிர்கிறது. வீணையில் பிருடையை முறுக்கினால் சுருதி ஏறுவதைப்போல, பிணைப்பு விறைத்தால் அதிர்வு வேகமாகும், தளர்ந்தால் மெதுவாகும். எடை கூடிய அணுக்கள் மெதுவாக அதிரும். இந்த அதிர்வுகளின் வேகமும் அகச்சிவப்புக் கதிரின் அதிர்வெண்ணும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், தன் வேகத்துக்குப் பொருந்தும் கதிரை மூலக்கூறு விழுங்கிவிடும். எந்தெந்தக் கதிர் குறைந்தது என்று வரைந்து பார்த்தால் கிடைப்பது அகச்சிவப்பு நிறமாலை.

வேதியியலாளர்கள் இதை அலையெண்ணில் குறிப்பார்கள்: ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கு. கார்பன் மோனாக்சைடின் அலையெண் 2143. நொடிக்கு 64 லட்சம் கோடி அதிர்வுகள் என்று பொருள். நைட்ரஜனின் அலையெண் 2330. இந்த அத்தியாயம் முழுக்க இப்படிப்பட்ட எண்கள் வரும். கூடினால் பிணைப்பு விறைத்தது, குறைந்தால் தளர்ந்தது என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இங்கேதான் சிக்கல். நைட்ரஜனுக்கு 2330 என்று ஓர் அதிர்வு இருக்கிறதே தவிர, அது அகச்சிவப்பை விழுங்குவதில்லை. கதிர் என்பது ஊசலாடும் மின்புலம். அது ஒரு மூலக்கூறைப் பற்றி ஆட்ட வேண்டுமானால், மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னூட்டம் ஒருபக்கமாக ஏறி இறங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடில் ஒரு முனை கார்பன், மறுமுனை ஆக்சிஜன். அதிரும்போது மின்னூட்டச் சமநிலை மாறுகிறது. நைட்ரஜனில் இரு முனையும் ஒன்றே. எப்படி நீண்டு சுருங்கினாலும் இடம் வலம் வேறுபாடு வராது. கதிருக்குப் பிடிமானமே இல்லை.

இதை முதலில் அளந்து காட்டியவர் ஜான் டின்டல். 1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு பித்தளைக் குழாயின் இரு முனைகளையும் பாறை உப்புத் தகடுகளால் அடைத்து, உள்ளே ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, அதன் வழியே வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். கண்ணாடிக்குப் பதில் உப்புத் தகடு, ஏனென்றால் கண்ணாடி அகச்சிவப்பை நிறுத்திவிடும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கதிரை விழுங்கின. நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெற்றிடம் போலவே விட்டுவிட்டன. அப்படி விட்டுவிட்டது நம் நல்லகாலம். காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் இந்த இரண்டும் வெப்பக் கதிரை விழுங்குபவையாக இருந்திருந்தால் பூமியின் வெப்பநிலையைப் பற்றிப் பேச நாம் இருந்திருக்க மாட்டோம்.

ஆனால் விசாரணைக்கு இது பெரிய தடை. யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவர் பேசவே மாட்டார்.

சமச்சீர் குலைந்தால்

தடையே வழியாக மாறியது. நைட்ரஜன் பேசாததற்குக் காரணம் அதன் சமச்சீர். அந்தச் சமச்சீரை யாராவது குலைத்தால்?

ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சோடியம் அயனியின் எதிரில் தன் ஒரு முனையைக் காட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அயனியின் நேர்மின்புலம் மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கமாக இழுக்கிறது. இப்போது இரு முனைகளும் ஒன்றல்ல. ஒன்று அயனிக்கு அருகில், மற்றது தூரத்தில். மூலக்கூறு அதிரும்போது மின்னூட்டம் ஒருபக்கமாக ஏறி இறங்கத் தொடங்குகிறது. கதிருக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. 2330ஐ ஒட்டி நிறமாலையில் ஒரு வரி முளைக்கிறது.

பரப்பில் ஒட்டிய மூலக்கூறு இப்படி விதியை மீறும் என்று 1956இலேயே பிரிட்டனில் ஷெப்பர்டும் யேட்ஸும் காட்டியிருந்தார்கள். நுண்துளைக் கண்ணாடியில் ஒட்டிய மீத்தேனில், வாயு நிலையில் தோன்றவே கூடாத ஓர் அதிர்வு தெரிந்தது. அதற்கும் முன்பே, 1940களில், லெனின்கிராடில் டெரெனினின் குழு பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளை அகச்சிவப்பில் பார்க்கும் வேலையைத் தொடங்கிவிட்டது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஆய்வுக் கலத்துக்குள் ஏராளமான நைட்ரஜன் சும்மா திரிந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுகூட நிறமாலையில் தெரியாது. பிடிபட்டவை மட்டுமே தெரியும். வேறு பல முறைகளில் ஒட்டியதையும் ஒட்டாததையும் பிரித்தறியக் கணக்குப்போட்டுக் கழிக்க வேண்டியிருக்கும். இங்கே இயற்கையே கழித்துத் தந்துவிடுகிறது.

ஆக்சிஜனும் இதேபோல் சமச்சீரானதுதான். அயனியின் அருகில் அதற்கும் 1550ஐ ஒட்டி ஒரு வரி வருகிறது, ஆனால் மிக மங்கலாக. காரணம் இரண்டு மூலக்கூறுகளின் மின்னூட்டப் பரவலில் இருக்கிறது. நைட்ரஜனின் இரு முனைகளிலும் எதிர்மின்னூட்டம் சற்றுத் தூக்கலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். ஆக்சிஜனிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு; ஆனால் நைட்ரஜனில் அது மூன்று நான்கு மடங்கு அதிகம். நேர்மின் அயனிக்கு நைட்ரஜனின் முனை பிடித்தமானதாகிவிடுகிறது. அளவில் ஒத்த இரண்டு வாயுக்களை மணி வேறுபடுத்துவது இப்படித்தான்.

உரக்கப் பேசும் உறவினர்

பிடித்தது அயனிதான் என்று தெரிந்துவிட்டது. எந்த அயனி, எவ்வளவு பலமாக என்று கேட்டால் நைட்ரஜன் தயங்குகிறது. சோடியத்தின் அருகில் அதன் எண் 2330ஐச் சில எண்களே தாண்டுகிறது. லித்தியத்தில் இன்னும் சில எண்கள் கூடும். வரியும் மங்கல். எனவே ஆய்வாளர்கள் அதன் உறவினரைக் கூப்பிடுகிறார்கள்: கார்பன் மோனாக்சைடு. இரண்டுக்கும் மூலக்கூறு எடை 28. இரண்டிலும் 14 எலக்ட்ரான்கள். அளவும் ஏறக்குறைய ஒன்று. கார்பன் மோனாக்சைடின் இரு முனைகளும் வேறு என்பதால் அது எப்போதும் உரக்கப் பேசும். அயனியின் அருகில் அதன் எண்ணும் பெரிதாக நகரும். நைட்ரஜன் நிற்கும் இடத்தில் இதை நிற்கவைத்து விவரம் கேட்கலாம்.

பரிசோதனையை ஒருமுறை முழுமையாகச் செய்து பார்ப்போம். ஜியோலைட்டாக இசட்.எஸ்.எம்.-5 என்பதை எடுத்துக்கொள்கிறேன். ஆக்சிஜன் பெட்டியில் இருக்கும் எக்ஸ் வகையில் அயனிகள் நெருக்கமாக, பலவகை இடங்களில் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொன்னது என்று தெரியாது. இசட்.எஸ்.எம்.-5ஐக் குறைந்த அலுமினியத்தோடு தயாரிக்கலாம். அயனிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியாக நிற்கும். அதன் வாசல் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம். கார்பன் மோனாக்சைடுக்கு அது போதும்.

வெள்ளை மாவாக இருக்கும் ஜியோலைட்டை அச்சில் வைத்து அழுத்தி, மெல்லிய வில்லையாக்குகிறோம். சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான். அதைவிடத் தடித்தால் கதிர் ஊடுருவாது. கல்லூரி ஆய்வகங்களில் மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லை செய்வது வழக்கம். இங்கே அதைச் செய்தால் காரியம் கெட்டுவிடும்: வாயு போகும் வழி அடைபடும், பொட்டாசியமும் சோடியத்தின் இடத்துக்குள் புகுந்துவிடலாம். ஜியோலைட்டை மட்டுமே அழுத்தி, எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கும் வில்லை வேண்டும். கதிர் உள்ளே நுழையவும் வெளியேறவும் ஆய்வுக் கலத்தின் இரு சன்னல்களுக்கும் உப்பு வகைப் படிகங்கள். டின்டலின் குழாயில் இருந்த அதே ஏற்பாடு, 160 ஆண்டுகளுக்குப் பிறகும்.

அடுத்து வில்லையைச் சுட வேண்டும். காற்றில் கிடந்த ஜியோலைட்டின் ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் மொய்த்திருக்கும். நிறமாலையை எடுத்துப் பார்த்தால் 1630ஐ ஒட்டித் தண்ணீரின் வரி தடித்து நிற்கும். 3000க்கு மேல் ஒரு பெரிய மேடு. வெற்றிடத்தில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் இவை மறைந்து, அயனி வெறுமையாகும். தண்ணீரின் பிடிவாதம் இவ்வளவு. ஆக்சிஜன் பெட்டிகளைப் பயன்படுத்தாமல் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அவை பழையபடி வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம்: நைட்ரஜனுக்கான இடங்களைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, அழுத்தத்தைக் குறைத்தால் மட்டும் அது கிளம்புவதில்லை.

சுட்ட வில்லையைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்விக்கிறோம். அறை வெப்பத்தில் கார்பன் மோனாக்சைடு நிலைகொள்ளாமல் வந்து வந்து போகும். குளிரில் அயனியின் அருகே தங்கும். இனி வால்வைத் துளி திறந்து வாயுவை உள்ளே விடலாம். நச்சு வாயுதான், ஆனால் கலத்துக்குள் போகும் அளவு அற்பம்.

வாயு நிலையில் கார்பன் மோனாக்சைடின் நிறமாலை 2143க்கு இருபுறமும் சீப்பின் பற்களாக விரிந்திருக்கும். சுழன்றுகொண்டே அதிர்வதால் அப்படி. வில்லையில் ஒட்டியதும் சீப்பு மறைகிறது. அந்த இடத்தில் கூர்மையாக ஒரே வரி, 2178இல். சுழற்சி நின்றுவிட்டது என்பது முதல் செய்தி. பிணைப்பு 35 எண்கள் விறைத்திருக்கிறது என்பது இரண்டாவது. அயனியின் புலம் மூலக்கூறை எந்த அளவுக்கு அழுத்துகிறதோ அந்த அளவுக்கு எண் ஏறும்.

அது சோடியத்தின் கைவேலைதானா என்று சோதிப்பது எளிது. உப்புக் கரைசலில் ஊறவைத்தால் ஜியோலைட் தன் அயனியை மாற்றிக்கொள்ளும். சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் வைத்தால் வரி 2166க்கு இறங்குகிறது. சீசியம் வைத்தால் 2157. லித்தியம் வைத்தால் 2190ஐ ஒட்டி ஏறுகிறது. எல்லா அயனிக்கும் மின்னூட்டம் ஒன்றே; மாறுவது உருவம் மட்டும். சீசியம் பெரியது, ஆகவே மூலக்கூறு அதன் மையத்திலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். புலம் அங்கே மெலிந்திருக்கும். லித்தியம் மிகச் சிறியது, மூலக்கூறு நெருங்கி நிற்கும். அயனியின் அளவை வரிசையாக எழுதினால் நிறமாலை எண்கள் அதே வரிசையில் நிற்கின்றன. வரி சொல்லும் எண் பிடித்தவரின் பெயரையே சொல்லிவிடுகிறது. 1960களின் நடுவில் ஆங்கெலும் ஷாஃபரும் எக்ஸ், ஒய் வகை ஜியோலைட்டுகளில் அயனியை மாற்றி மாற்றி இந்த உறவைக் கண்டுகாட்டினார்கள்.

காற்றைப் பிரிக்கும் மணிகளில் சோடியத்தை அகற்றி லித்தியத்தை வைக்கத் தொழில்துறை ஏன் செலவு செய்கிறது என்பதும் இப்போது விளங்கும்.

தலைகீழாய் நிற்பவை

2178இல் தெரிந்த வரி எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வாயு நிலையின் 2143க்கு மறுபுறம், 2112ஐ ஒட்டி, ஒரு சின்ன வரியும் கூடவே இருந்தது. அசுத்தம் என்று தள்ளிவிடத் தோன்றும் அளவுக்குச் சின்னது. மேலே போன எண் 35, கீழே வந்த எண் ஏறக்குறைய 31. கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி இருந்ததால் தள்ளிவிட முடியவில்லை.

கார்பன் முனை அயனியைத் தொட்டால் பிணைப்பு விறைக்கிறது. ஆக்சிஜன் முனை தொட்டால் அதே புலம் மூலக்கூறின்மேல் எதிர்த்திசையில் செயல்படும்; பிணைப்பு தளரும், எண் இறங்கும். அந்தச் சின்ன வரி, சோடியத்தின் எதிரில் தலைகீழாக நிற்கும் கார்பன் மோனாக்சைடுகளுடையது. 1998இல் ஸ்பெயினின் பால்மாவைச் சேர்ந்த ஒட்டேரோ அரேயன், இத்தாலியின் த்சேக்கினா, ரஷ்யாவின் திசிகனென்கோ முதலானோர் சேர்ந்து இதை நிறுவினார்கள். அவர்கள் செய்த காரியம் எளிமையானது: வில்லையை மெல்லச் சூடாக்கினார்கள். வெப்பம் ஏற ஏற, 2178ஐ ஒப்பிட்டால் 2112இன் பங்கு கூடியது. குளிர்வித்தால் குறைந்தது. அசுத்தமாக இருந்தால் இப்படிப் போய்த் திரும்பாது. ஒரே மூலக்கூறு இரு நிலைகளுக்கிடையே புரண்டுகொண்டிருக்கிறது. வெப்பம் கூடினால் வசதி குறைந்த நிலையில் நிற்பவர் எண்ணிக்கை கூடுகிறது. அந்தக் கூடுதலை அளந்து, இரு நிலைகளுக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல் என்று கணித்தார்கள். ஒரு மோல் என்பது இங்கே 28 கிராம் கார்பன் மோனாக்சைடு.

எந்த நுண்ணோக்கியாலும் காட்ட முடியாத ஒரு புரளலை, இரண்டு வரிகளின் உயரத்தை மட்டும் ஒப்பிட்டு அளந்துவிட்டார்கள். இந்தத் துறையில் இதைவிட அழகான அளவீடு எனக்குத் தெரியாது.

எவ்வளவு இறுக்கமான பிடி

அதே உத்தியைப் பிடியின் பலத்தை அளக்கவும் நீட்டலாம். வில்லையை ஒவ்வொரு வெப்பநிலையிலும் நிறுத்தி, வரியின் உயரத்தையும் கலத்தின் அழுத்தத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டே போனால், எத்தனை அயனிகள் மூலக்கூறோடு இருக்கின்றன, எத்தனை வெறுமையாக இருக்கின்றன என்ற கணக்கு கிடைக்கும். வெப்பம் ஏறும்போது வரி எவ்வளவு சீக்கிரம் சரிகிறது என்பதிலிருந்து பிடியை விடுவிக்கத் தேவையான ஆற்றல் தெரியும்.

லித்தியம் வைத்த மணியில் நைட்ரஜனுக்கு அது மோலுக்கு 20 கிலோஜூலுக்குச் சற்று மேல். ஆக்சிஜனுக்கு 15ஐ ஒட்டி. நைட்ரஜனின் இரு அணுக்களைப் பிரிக்க வேண்டுமானால் 945 கிலோஜூல் வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இந்தப் பிடி தொடுகை மாதிரிதான். பெட்டி வேலை செய்வதே இந்த மென்மையால்தான். பிடி இன்னும் இறுகினால் நைட்ரஜன் அயனியை விட்டுக் கிளம்பாது. சில நொடிகளில் மணியைக் காலிசெய்ய முடியாமல், ஒவ்வொரு முறையும் சூடாக்க வேண்டிவரும். இன்னும் தளர்ந்தால் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஐந்தாறு கிலோஜூல் இடைவெளியில் ஒரு தொழில் முழுவதும் நடக்கிறது.

சோடியம் இருந்த இடத்தில் ஹைட்ரஜன்

அயனியை மாற்றும் விளையாட்டில் கடைசியாக ஒன்று இருக்கிறது. சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் ஜியோலைட் அமிலமாகிவிடும். தொட்டால் வெறும் வெள்ளை மாவு. உள்ளே வலுவான அமிலம். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறியவையாக்குவதில் இந்த அமில ஜியோலைட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூசிலாந்தின் மோட்டுனுய் ஆலை 1980களின் நடுவில் இயற்கை வாயுவை மெத்தனாலாக்கி, மெத்தனாலைப் பெட்ரோலாக்கியதும் இசட்.எஸ்.எம்.-5இன் உதவியால்தான்.

இங்கே விசாரணை இன்னும் சுவையாகிறது. சோடியம் தனியாக நிற்கும் அயனி; அதற்கென்று இந்த வட்டாரத்தில் அதிர்வு இல்லை. ஹைட்ரஜனோ சட்டகத்தின் ஒரு ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பு தனக்கென 3610, 3620 வட்டாரத்தில் ஒரு வரி தருகிறது. கார்பன் மோனாக்சைடை உள்ளே விட்டதும் அதன் வரி வழக்கம்போல் 2143இலிருந்து ஏறுகிறது. அதே நேரம் பிடித்தவரின் வரியும் நகர்கிறது: சுமார் 300 எண்கள் கீழே இறங்கி, அகன்று தடித்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுப்பதால், ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கிறது. பிடிபட்டவரும் பிடித்தவரும் ஒரே நிறமாலையில் சாட்சி சொல்கிறார்கள்.

ஹைட்ரஜன் எவ்வளவு எளிதில் இழுபடுகிறதோ அமிலம் அவ்வளவு வலியது. ஜியோலைட் படிகத்தின் வெளிப்பரப்பில், அலுமினியத்தோடு தொடர்பில்லாமல் சிலிக்கானில் மட்டும் தொங்கும் ஹைட்ரஜன்களும் உண்டு. அவற்றின் வரி 3745இல் இருக்கும். அதே கார்பன் மோனாக்சைடு அவற்றை 90 எண்கள் மட்டுமே இறக்குகிறது. 90க்கும் 300க்கும் உள்ள இந்த இடைவெளியை வைத்துத்தான் புதிதாகத் தயாரித்த ஒரு ஜியோலைட் எவ்வளவு அமிலம் என்று இன்று ஆய்வகங்கள் மதிப்பிடுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்குப் பதில் நைட்ரஜனை விட்டாலும் அமில வரி இறங்கும், ஆனால் நூற்றுச் சொச்சம்தான். உறவினர் இருவரில் யார் மென்மையானவர் என்பது இங்கேயும் தெரிந்துவிடுகிறது.

இந்த எண்களை வைத்து ஆலையில் எது நன்றாக வேலை செய்யும் என்று அப்படியே சொல்லிவிடலாமா என்றால், நான் தயங்குவேன். அளப்பது மைனஸ் 196 டிகிரியில், கார்பன் மோனாக்சைடு என்ற சின்ன விருந்தாளியை வைத்து. ஆலையில் வினை நடப்பது 400, 500 டிகிரியில், பெரிய ஹைட்ரோகார்பன்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது. அந்த வெப்பத்தில் மூலக்கூறு உள்ளே போகும் வேகமும், துளைகளில் படியும் கரியும் அமிலத்தின் வலிமைக்குச் சமமாகவே முடிவைத் தீர்மானிக்கும். அதனால்தான் பிரான்ஸின் கான் நகரிலும் வேறு சில ஆய்வகங்களிலும் கலத்தையே சிறிய உலையாக மாற்றியிருக்கிறார்கள். வில்லை சூட்டில் இருக்கும்போதே அதன் வழியே மூலப்பொருளை ஓடவிட்டு, வினை நடக்க நடக்க நிறமாலையை எடுக்கிறார்கள். வெளியேறும் வாயுவை ஒரு கருவி பக்கத்திலேயே அளந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் 3600இல் இருக்கும் அமில வரி தேய்ந்துகொண்டே வருவதும், 1600ஐ ஒட்டிக் கரியின் வரி வளர்வதும் திரையில் தெரியும். எந்த நிமிடத்தில் வினையூக்கி களைத்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.